முப்பத்தொன்றாம் எண் எலியும் தாங்கள் எழுதித் தந்த கடிதமும்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சானுக்கு,

நான் நலம். தாங்களும் தங்கள் தங்கையும், அதாவது என் மனைவியும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளை இந்த எலி பிடிக்கும் வேலையிலிருந்து மீட்டுக் கையோடு அழைத்துவரச் சொல்லி, அவள் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்று தாங்களே எழுதித் தந்த ராஜினாமாக் கடிதம் என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம். ஏன் தாமதம் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

வந்த அன்று சும்மா இருக்க முடியாமல், கொட்டகையில் அடுக்கியிருந்த நாற்பது கூண்டுகளையும் வாசனை சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். மகள் மெச்சுவாள் என்று பார்த்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, இந்த வாசனைக்கு ஒரு எலிகூட எட்டிப் பாக்காதுப்பா!" அப்படியே ஆயிற்று. நான்கு நாள் கூண்டெல்லாம் காலி. வயலோரக் குடியிருப்பில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள், அது எலிகளுக்குள் பரவிக் குடியிருப்பை நோக்கி வருகிறதா என்று இவள் கண்டுபிடித்தாக வேண்டும், அதற்குப் போன மாதம் தகடு மாட்டி விட்டபோது நோயில்லாமல் இருந்த முப்பத்தொன்றாம் எண் எலி மறுபடி சிக்கி, அதன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், அதை விரட்டியடித்த புண்ணியவான் நான்.

வெறும் வெந்நீரில் அலசி அலசி வெயிலில் காயப்போட்டோம். ஐந்தாம் நாள் காலை ஒன்பதாம் கூண்டு மூடியிருந்தது. உள்ளே, காதில் தகட்டோடு முப்பத்தொன்று! எப்போதும் அந்தக் கூண்டுக்குத்தான் வருமாம். ஆயுள் முழுக்க டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், இப்படி இடம் மாறாத பயணியைக் கண்டதில்லை. எனக்கு முகமூடி மாட்டித் தள்ளி நிற்க வைத்துவிட்டு, துணிப்பையில் போட்டு எடை பார்த்தாள். இருபத்திரண்டு கிராம். என் மூக்குக்கண்ணாடியே இருபத்தெட்டு, பிறகு நிறுத்துப் பார்த்தேன். வயிற்றில் குட்டிகள் வேறு. ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

"நோய் இருந்தா இது எப்படி ஓடியாடுது?" என்றேன்.

"அதுக்கு ஒண்ணும் பண்ணாதுப்பா. நமக்கு வந்தாதான் ஆளையே சாய்ச்சிடும்."

மூன்று ஆட்களைப் படுக்கவைத்ததையே சுமந்துகொண்டிருக்கலாம், ஆனாலும் மீசை துடைக்கிறது, கைக்குள் அடங்குகிற ஓர் உயிர்! கொன்றுவிடலாமே என்றேன். "இது போனா காலி இடத்துக்கு வேற ஒண்ணு வரும், அது எதைக் கொண்டு வருமோ" என்று சொல்லி, பிடித்த இடத்திலேயே விட்டாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. முப்பத்தொன்றுக்கு நோய் தொற்றிவிட்டது. அன்றே மகள் வீடு வீடாகப் போய், தானியத்தை மூடி வையுங்கள், தண்ணீர் தெளிக்காமல் கூட்டாதீர்கள், எலிப் புழுக்கைத் தூசியில்தான் நோய் பரவும் என்று சொன்னாள். அவளைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள் வாய் மூடிக் கேட்டார்கள். நான் பின்னாலேயே பை தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் பெற்ற பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன், மச்சான்.

இருந்தாலும் உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். தங்கள் முழங்கால் வலி தீரவும், தங்கள் தங்கை கோபம் ஆறவும் வேண்டும்,

தங்கள் பணிவுள்ள தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறையை ஒட்டும்முன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று தோன்றியது. பனி கொட்டுகிறது, கூண்டுக்குள் மெத்தை போடப் பஞ்சு தீர்ந்துவிட்டது என்று மகள் நேற்றுக் கவலைப்பட்டாள். சட்டைப் பையிலிருந்த தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து ஒன்பதாம் கூண்டில் போட்டேன். தெரிந்தேதான் போட்டேன். இன்று காலை முப்பத்தொன்று தங்கள் கையெழுத்தின்மேல் சுருண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களை எதிர்பார்க்க வேண்டாம். மறுபடி எழுதி அனுப்புவதானால் தாராளமாக அனுப்புங்கள், இன்னும் முப்பத்தொன்பது கூண்டுகள் இருக்கின்றன.