பாய் வீட்டு மாத்திரை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதல் நாலு வரி படித்ததும், எல்லாம் புரிந்துவிட்டது என்று மடித்து வைத்துவிடுவேன். மண்டபத்தின் பெயரைச் சரியாகப் பார்க்காமல் கிளம்பி, யாரோ ஒருவர் கல்யாணத்தில் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான். (நல்ல பாயசம்.) அதெல்லாம்கூடப் போகட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஃப்ளூ காய்ச்சலுக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டதை மட்டும் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு இன்னும் விடவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் என்கிற கடைசல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வைப்பார்கள். இரும்புக் கம்பியிலிருந்து சொன்ன கனத்துக்கு ஒரு ஷாஃப்ட் கடைந்து காட்டினால் பர்மனென்ட். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். டெஸ்ட் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

"டாக்டராண்ட போ நைனா, ஒடம்பு கொதிக்குது" என்றார் அம்மா.

"போனா ரெஸ்ட் எழுதிடுவாரும்மா. டெஸ்ட்டு பூடும்."

மூன்று நாள் காய்ச்சலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பக்கத்து லேத்காரன் தும்மினான், அதற்கடுத்தவன் இருமினான். அது எங்கிருந்து வந்தது என்று நானும் அவர்களோடு சேர்ந்து வியந்தேன். வியாழக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா வந்தார். அவர் கணவர் கரீம் பாய் தையல்காரர். கை நடுக்க நோய் வந்ததில் மெஷினை மூடிவிட்டு, மாத்திரையின் தயவில் நடமாடிக்கொண்டிருந்தவர். அந்த மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. மகன் மாதம் ஒருமுறை டவுனுக்குப் போய் வாங்கி வருவான். இந்த முறை அட்டையின் நிறம் மாறியிருந்ததால் அக்காவுக்குச் சந்தேகம்.

"இதே மாத்திரதானா, படிச்சுச் சொல்லு தம்பி."

எங்கள் தெருவில் இங்கிலீஷ் படிப்பவன் என்று எனக்கொரு பெயர். டப்பாவுக்குள் மடித்திருந்த காகிதத்தைப் பிரித்தேன். முதல் வரியில் நடுக்க நோய். இரண்டாவது வரியில் இன்ஃப்ளூயன்சா! அதற்குக் கீழே பொடி எழுத்தில் எறும்பு வரிசையாக ஏதேதோ இருந்தது. நான் வழக்கம்போல் மடித்துவிட்டேன்.

"அதே மாத்திரதான்கா. இது எனக்கும் மருந்து! ஃப்ளூ கிருமியையே கொல்லுமாம்."

"எதுக்கும் டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கோயேன் தம்பி."

"அச்சடிச்சே போட்டுக்கீறான்கா. டாக்டரு புதுசா இன்னா சொல்லப் போறாரு?"

இந்த முறை கடையில் கிடைத்ததே ஆறு மாத்திரைதானாம். மறுநாள் காலையில் மகன் புது அட்டை கொண்டுவந்துவிடுவான் என்ற நம்பிக்கையில், அக்கா ஆறையும் கொடுத்துவிட்டார். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷி.

ஒன்று போட்டால் குணமாகும் என்றால் இரண்டு போட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் குணமாகும். இது என் கணக்கு. (ஐ.டி.ஐ.யில் கணக்கில் நான்தான் முதல்.) மத்தியானம் இரண்டு, ராத்திரி இரண்டு, விடிந்ததும் இரண்டு.

ராத்திரி கண்ணை மூடினால் இமை தானாகத் திறந்துகொண்டது. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து அப்பாவின் தூக்கத்தையும் கெடுத்தேன். நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். ஏதோ வேலை செய்தது உண்மைதான்.

காலையில் லேத் முன்னால் நின்றபோது மானேஜரும் ஃபோர்மேனும் பின்னால் வந்து நின்றார்கள். இருபத்தைந்து மில்லிமீட்டர் ஷாஃப்ட். கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைவேன், அப்படிப்பட்ட வேலை. அளந்தேன். ஒரு இழை கூடுதலாகத் தெரிந்தது. கொஞ்சம் சீவினேன், அளந்தேன். மறுபடி சீவினேன். அளவு எப்போதோ வந்துவிட்டது. என் கைதான் நிற்கவில்லை. கால் ஒரு பக்கம் தாளம் போட்டது.

"போதும்பா, நிறுத்து" என்றார் ஃபோர்மேன்.

"இதோ சார், ஒரே ஒரு இழை சார்."

நிறுத்தியபோது ஷாஃப்ட் பத்தொன்பது மில்லிமீட்டர் இருந்தது. மானேஜர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷாஃப்ட் கேட்டா ஊதுவத்தி குடுக்கறியே, என்னப்பா இது?"

விளக்கம் சொல்லலாம் என்று, குனிந்திருந்த நான் சட்டென்று நிமிர்ந்தேன். தலை சுற்றியது. லேத்துக்குப் பக்கத்தில் கூலண்ட் தொட்டி ஒன்று உண்டு. பால் நிறத்தில் எண்ணெய்த் தண்ணீர் நிற்கும். அதில் போய் ஜம்மென்று உட்கார்ந்தேன். காக்கிச் சட்டையின் காலர்வரை நனைந்தது. மொத்தக் கம்பெனியும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. சிரிக்கக்கூட முடியாமல் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

சொட்டச் சொட்ட என்னை எஸ்டேட்டில் இருந்த டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். நாடி பார்த்தவர் முகம் மாறியது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பையிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்துப் பெருமையாக நீட்டினேன். அவர் கடைசி வரிவரை படித்தார்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?"

"திங்கக்கிழம சார்."

"மாத்திரை?"

"நேத்து மத்தியானம். ரெண்டு ரெண்டா ஆறு போட்டேன் சார்."

"இது முதல் ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாதான் ஃப்ளூவுக்குப் பிரயோஜனம். அதுவும் ஆளைப் பாத்து, அளவோட, டாக்டர் எழுதிக் குடுத்து. கல்யாணம் முடிஞ்சப்புறம் பந்தக்கால் நட்டிருக்கே. அதுவும் ரெண்டு ரெண்டா!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"சரி, இது யாரோட மாத்திரை? அவருக்கு வேற இருக்கா?"

அதுவரை அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம்வரை என்னைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் விட்டார். நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன்.

மகன் வரவில்லை. பாய் கட்டிலில் மரக்கட்டையாக விறைத்துக் கிடந்தார். அக்கா ஸ்பூனில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். பாதி கழுத்தில் வழிந்தது. காலையிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லையாம். என்னைப் பார்த்ததும் அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நானே என்னை நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க பாய்" என்றேன்.

பாய் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கேட்டார். "டெஸ்ட்டு... இன்னாச்சு... தம்பி?"

"ஊத்திக்கிச்சு பாய்."

அவர் முகத்தில் தசை அசையவில்லை. தொண்டைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. விஷயம் தெரிந்த என் அப்பா அப்போதே காலி அட்டையோடு டவுனுக்கு பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து வாங்கி வந்தார். மறுநாள் சாயங்காலம் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அடுத்த டெஸ்ட்டில் பர்மனென்ட் ஆகிவிட்டேன். பாய் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் மாத்திரை டப்பாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளிப்பதுபோல் நடித்துக்கொண்டு.

அவர் இல்லாத இந்தக் காலத்திலும் பக்ரீத் அன்று அக்கா தவறாமல் பிரியாணித் தூக்கோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். தூக்கை என் கையில் கொடுக்க மாட்டார். என் மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் சொல்வார்:

"மத்தியானம் ஒரு பீஸு, ராத்திரி ஒரு பீஸு. அதுக்கு மேல கேட்டான்னா டாக்டர் சீட்டு வாங்கிகினு வரச் சொல்லும்மா."