முந்நூற்று அறுபத்தைந்து படி வருமானம்

திருத்தணி மலைக்குப் படி முந்நூற்று அறுபத்தைந்து. வருஷத்துக்கு அத்தனை நாள் என்பதால். இந்தக் கணக்கை முருகனைவிட அதிகமாக மதித்தவர் வருமான நிர்ணய அதிகாரி கோதண்டபாணி ஒருவர்தான்.

பக்தர்களின் மூட்டையைத் தலையில் சுமந்து படியேறும் துளசிங்கம், எழுபத்து நாலாம் வருஷம் அவர் முன் போய் நின்றான். மகள் அம்சாவுக்கு இலவச விடுதியில் இடம் வேண்டும். அதற்கு வருமானச் சான்று வேண்டும்.

"ஆண்டு வருமானம்?"

"கிருத்திகைன்னா காசு பாக்கலாம் சார். மழை வந்தா ஒண்ணுமில்ல. முட்டி புடிச்சுகிச்சுன்னா அதுவும் இல்ல. இப்ப பஸ்ஸு வேற மேலேயே போவுது. இதுல எதைச் சொல்றது?"

"மழைக்கும் முட்டிக்கும் படிவத்தில் கட்டம் இல்லை. ஒருமுறை ஏறினால் எவ்வளவு?"

"ரெண்டு ரூபா."

"எத்தனை படி?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு."

"ஆக, ஓர் ஆண்டுக்கு இரண்டு ரூபாய்" என்று மேற்படியார் முத்திரை குத்தினார்.

விடுதிக் காப்பாளர் ஞானம்மாள் சான்றைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ரூபாயில வருஷம் பூரா எவனும் உயிரோட இருக்க முடியாது. அப்பன் செத்த பொண்ணை அனாதை இல்லத்துல சேத்துடுங்க."

"நான்தாம்மா அப்பன்!"

"அப்படின்னு எழுதி வாங்கிகினு வாங்க."

திரும்பி ஓடினான்.

"உயிரோடிருக்கிறாயா? அப்படியானால் மறுபரிசீலனை" என்றார் அதிகாரி. "போன ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை முறை ஏறினாய்?"

துளசிங்கம் நெஞ்சை நிமிர்த்தினான். "அஞ்சு நாள்ல அறுபது வாட்டி!"

"அறுபது ஆண்டுப் பணி! ஓய்வு வயதோ ஐம்பத்தெட்டு. இரண்டு ஆண்டுகள் சட்டவிரோதமாகச் சுமந்திருக்கிறாய்."

மூட்டை சுமக்க அனுமதிக்கும் வில்லையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு புதுச் சான்று எழுதினார்: 'ஓய்வு பெற்றவர். வருமானம்: இல்லை. வருமானம் குறையும் அபாயம்: அறவே இல்லை.'

ஓய்வு பெற்றவரென்றால் உயிரோடுதான் இருப்பார் என்று ஞானம்மாள் ஒப்புக்கொண்டார். அம்சாவுக்குத் தட்டும் பாயும் கிடைத்தன.

"நைனா, நீ எங்க சாப்புடுவே?"

"அதுக்கும் ஒரு பாரம் வெச்சிருப்பாங்கம்மா. கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் அந்த அலுவலக வாசலில் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள், திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிறவர்கள், மெக்கானிக் சர்தார் என்று சகலரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை கட்டினார்கள். "எங்க பொழப்பையும் புடுங்குங்க சார்!"

பேத்திக்காக நானும் நின்றேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிடுங்குவதற்கு என்னிடம் பிழைப்பே இல்லையாம். முதலில் ஒரு வேலை தேடிக்கொண்டு வரவேண்டுமாம்.