ஹெட்கிளார்க் நாற்காலிக்கடியில் ஒரு வயல்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கணக்குப் பிரிவில் ஹெட்கிளார்க் இருந்தார், ராயபுரத்து டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்கா இருந்தார், நான் இருந்தேன். மேனேஜர் இல்லை. சண்டைக்குக் காரணமான வரப்பும் இல்லை. அது போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இல்லாத வரப்புக்காக இருக்கிற வேலையை விடத் துணிந்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பியூன் வரப்பு நைனா.

திருவொற்றியூருக்கு மேற்கே, நெல் விளைந்த இடத்தில் எழுந்த தொழிற்சாலை எங்களுடையது. ஊர்க்காரர்கள் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத நைனா மட்டும் காக்கிச்சட்டை மாட்டிக்கொண்டு தன் வயலுக்கே வேலைக்கு வந்தார். மத்தியானச் சோற்றை சைக்கிள் ஷெட்டில் தனியாகச் சாப்பிடுவார்.

வயல் போனதை அவர் ஒப்புக்கொண்டார். வரப்பு போனதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வயலுக்கும் பக்கத்துக் கன்னியப்பன் வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பு, என் மேஜைக்கடியில் போவதாக அவர் கணக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பிள்ளை நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். எனக்கென்று கிடைத்த அந்த மேஜை தினமும் காலையில் ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

"இன்னா நைனா இது?"

"ரெண்டு காலு அவன் நெலத்துல கீது தம்பி. நாளைக்கு மேஜையே அவனுதும்பான்."

வரப்புக்கு இந்தப் பக்கம் டீ மேஜைக்கே வரும். அந்தப் பக்கத்தில் இருந்த ஹெட்கிளார்க்குக்கு வராது. எல்லையில் நின்று கிளாஸை நீட்டிக்கொண்டே இருப்பார் நைனா.

"யோவ், ரெண்டடி வந்தா காலு தேஞ்சிடுமா?"

"அவன் மண்ணுல காலு வெக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கீறேன் சார்."

ஃபைல்களை வீசுவார். ஒருநாள் வீசிய ஃபைல் மைக்கூட்டைத் தட்டி, மேனேஜரின் வெள்ளைப் பேண்ட் நீலமாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம் கால் வைக்காவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் மேனேஜர். வெள்ளிக்கிழமையே நைனா மாற்றுக் காக்கிச்சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக்கொடுக்கக் கொண்டுவந்துவிட்டார்.

"சத்தியத்தை வுடு நைனா, சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

"அவனே வந்து 'போடா'ன்னு சொன்னா போவேன். அவன் எங்க வரப்போறான்? டோல்கேட்ல பீடிக்கடை வெச்சிக்கினு கீறானாம்." மடித்த சட்டையை இன்னொரு முறை நீவிவிட்டார். "தெனம் காலங்காத்தால என்னை ஏசிட்டுத்தான் ஏரைப் பூட்டுவான் தம்பி. இப்ப ஏசக்கூட ஒரு ஆளு இல்ல."

மறுநாள் காலை அரைநாள் லீவு போட்டு டோல்கேட் போனேன். பேரைச் சொன்னதுமே கன்னியப்பன் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னும் உசுரோட கீறானா அந்த வரப்புத் திருடன்? நடடா தம்பி!"

கடையை அடைத்தவர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறினார்.

கணக்குப் பிரிவு அதிர்ந்தது.

"இங்கதான்டா வரப்பு!"

"யாராண்ட கதை வுடுறே? அதோ, பீரோவாண்ட இருந்துச்சு!"

"உன் கண்ணுல கொள்ளி வெக்க!"

"மொதல்ல உன் மம்முட்டியில வெய்யிடா! வருசா வருசம் வரப்பைச் செதுக்கினது அதுதானே!"

ஸ்டெல்லா அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். ஹெட்கிளார்க் எதற்கும் இருக்கட்டும் என்று கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். நைனாவின் முகத்தில் அப்படியொரு களையை நான் அதுவரை பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கன்னியப்பன் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"சரி, போடா. தகராறு தீர்ற வரைக்கும் நடந்துக்கோ. அதுக்காக மண்ணு உன்னுதுன்னு நெனைச்சிக்காதே."

"எப்ப தீக்கறது?"

"வர்ற சனிக்கெயமை வர்றேன். பேசிக்கலாம்."

நைனா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் கால் வைத்தார். சாயங்காலம் மேனேஜர் வந்தபோது ஹெட்கிளார்க் மேஜையில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. சைக்கிள் ஷெட்டில் இரண்டு பேர் ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டபடி ஏசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் கன்னியப்பன் வந்தார். தகராறு தீரவே இல்லை. ஒருவர் இறங்கிவந்தால் மற்றவர் வாய்க்கால் தகராறை இழுப்பார். பஸ் காசை ஹெட்கிளார்க்கும் ஸ்டெல்லா அக்காவும் நானும் முறைவைத்துக் கொடுத்தோம். எங்கள் நைனாவை ஏச ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவு, போக வர நாற்பது பைசா.