நிலாவுக்குப் போன தோணியும் கார்பன் அண்ணாச்சியும்

தூத்துக்குடியில் அந்த நாளில் கார்பன் அண்ணாச்சியின் கண்ணுக்குத் தப்பிய ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. ஏட்டையா தப்பவில்லை, மணியடிக்கிற கோயில்பிள்ளை தப்பவில்லை, சினிமா போஸ்டர் தின்றே வயிறு வளர்த்த ஆடு தப்பவில்லை. நானும் தப்பப் போவதில்லை என்று எனக்கு உறைத்தபோது, என் கல்யாணத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஓலை என்றால் வேறொன்றுமில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். என் கல்யாணத்துக்குத் தடை இருந்தது. அது கார்பன் அண்ணாச்சி ஒருவருக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி எங்கள் ஊர்க் கொட்டகை ஒன்றில் ஆபரேட்டர். அந்தக் காலத்து புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்துத் தீப்பொறி பறக்கவிட்டு, அந்த வெளிச்சத்தில்தான் படம் ஓட்டுவார்கள். அதில் வந்த பெயர் அது. அவர் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். ரேஷன் கார்டில்கூடக் கார்பன் என்றே இருந்ததாக ஒரு கட்சி.

மற்ற ஆபரேட்டர்கள் படம் ஓட்டினார்கள். இவர் படம் எடுத்தார். காமிரா இல்லாமல் எடுத்தார். ஓடித் தேய்ந்த டிரெய்லர் பிலிமை பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊறப்போட்டுக் கண்ணாடி மாதிரி கழுவி எடுப்பார். வாட்ச் ரிப்பேர்காரரின் லென்ஸை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு, அதன் மேல் மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொரு கட்டமாகப் பொம்மை வரைவார். ஒரு நொடிக்கு இருபத்து நாலு பொம்மை. இரண்டு நிமிஷப் படத்துக்கு எட்டு மாதம். எட்டு மாதமும் லென்ஸ் வைக்காத கண்ணை இறுக்கி மூடியே வைத்திருந்ததில் அது சும்மா இருக்கும்போதும் பாதி மூடித்தான் இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு வாத்தியார் அம்மா, இவர் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று முதலாளியிடம் புகார் கொடுத்த கதை தனி.

படத்தின் கதை இதுதான். தூத்துக்குடித் தோணி ஒன்று கொழும்புக்கு ஓடு ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழி தவறி நிலாவுக்குப் போய்விடுகிறது. அங்கே நம்மவர்கள் இறங்கிய உடனே உப்பளம் போட்டுவிடுகிறார்கள். ராக்கெட் விஞ்ஞானிகள் வந்து பார்க்கும்போது நிலா முழுக்க உப்புக் குவியல். விளம்பர சிலைடு முடிந்து மெயின் படம் தொடங்குமுன் இதை ஓட்டிவிடுவார். சென்சாருக்குத் தெரிந்தால் கொட்டகைக்குப் பூட்டு என்று முதலாளி நடுங்குவார். ஆனால் கூட்டம் இதற்காகவே வந்ததால் கண்டும் காணாமல் இருந்தார்.

படத்துக்குச் சத்தம் கிடையாது. சத்தத்துக்கு அண்ணாச்சியே இருந்தார். புரொஜெக்டர் பக்கத்து ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் அவரே பேசுவார்.

"ஏலே, இங்கன தண்ணியே இல்லையே, எப்படிலே உப்பு வெளையும்?"

"நம்மூர்க்காரன் வேர்வையிலயே வெளையும்லே, நீ பாத்தியக் கட்டு."

ஆனால் ஊரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது கதையல்ல, கதைக்குப் பின்னால் அவர் ஒளித்து வைத்த சாமான்கள். உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு ஒன்று எட்டிப் பார்க்கும். டிக்கெட் கொடுப்பவர் மாதா தேர்க் கூட்டத்தில் தொலைத்த செருப்பு அது. அடுத்து அவர் வரைந்த இரண்டாவது படத்தில் அதே செருப்பு ராக்கெட்டை உரசிக்கொண்டு பறந்து போகும். தரை டிக்கெட்டில் நூறு பேர் ஒரே குரலில் "செருப்பு" என்று கத்துவார்கள். போஸ்டர் தின்னும் ஆடு முதல் படத்தில் நிலாவைக் கொஞ்சம் கடித்துவிட்டுப் போகும். இரண்டாவது படத்தில் நிலாவில் அந்தக் கடித்த இடம் அப்படியே இருக்கும். "ஒரு தடவ பாத்தவனுக்கு அது படம். ரெண்டு தடவ பாத்தவனுக்குத்தாம்லே சேதி" என்பார் அண்ணாச்சி.

அந்தச் சேதியில்தான் ஆபத்து. நிலாவில் நட்ட கொடியை யாரோ உற்றுப் பார்த்து, அது கொட்டகை வாசல் டீக்கடையின் வடிகட்டித் துணி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பழுப்பு, கிழிசல், ஓரத்து ஒட்டு எல்லாம் அச்சு அசல். டீக்கடைக்காரர் இரண்டு நாள் அண்ணாச்சியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புதுத் துணி போட்டார். பத்து வருஷம் ஊர் கெஞ்சியும் மாறாத துணி அது.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். நான் தோணி ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் கிளார்க். புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்த காலம், ஆனாலும் பழைய துறையில் தோணிகளுக்குக் குறைவில்லை. எனக்குப் பார்த்த பெண் பிலோமினா. அவள் அப்பா தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். மீசையைப் பார்த்தாலே காற்று திசை மாறும். பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"கொழும்புக்குப் போயிருக்கியா?"

"மூணு தடவ, மாமா" என்றேன்.

நாக்கில் சனி. நான் ஒரே ஒரு தடவைதான் தோணி ஏறினேன். முயல் தீவு லைட்ஹவுஸ் தாண்டவில்லை, குடலே வெளியே வந்துவிட்டது. "என்னையத் திருப்பிக் கொண்டு போங்க" என்று நான் அழுத அழுகையில், கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தை நிறுத்தி என்னைத் தூக்கிப் போட்டார்கள். கடலோரத்து ஜாதியில் பிறந்தவன் கடலில் வாந்தி எடுத்தான் என்றால் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியாது. நல்லவேளையாகத் தோணியும் வள்ளமும் வெளியூர், கரையிலும் யாருமில்லை, ஒரே ஒருவரைத் தவிர. கடற்பறவை ஒரு நொடிக்கு எத்தனை தடவை இறக்கை அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டு கார்பன் அண்ணாச்சி மணலில் மல்லாந்து கிடந்தார். எழுந்து வந்து என்னைத் தாங்கிப் பிடித்து, சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தைக் கழுவிவிட்டார். "போ, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொல்ல மாட்டார், சரி. வரைய மாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே. மூன்றாவது படம் சனிக்கிழமை மேட்னியில், என் மூன்றாவது ஓலைக்கு முதல் நாள். அது போதாதென்று தண்டலும் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் படத்தில் அக்கறை வந்த காரணம் வேறு. இரண்டாவது படத்தில் பாய் விரித்த விதம் தப்பு என்று நேரே ஆபரேட்டர் அறைக்கே ஏறிப்போய்ச் சண்டை போட்டிருந்தார். "வாடைக் காத்துல இப்படிப் பாய் எடுத்தா தோணி நிலாவுக்கா போகும்? நேரா பெரியதாழை மணல்ல போய்க் குத்தும்." அண்ணாச்சி பணிவாகக் குறித்துக்கொண்டாராம்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு அண்ணாச்சி அறைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, இந்தப் படத்துல என்னையப் போட்டிருக்கியளா?"

"படத்துல யாருலே இல்ல? டிக்கெட் எடுத்துப் பாரு."

"மூணாவது ஓலை பாக்கி இருக்கு அண்ணாச்சி. அந்தக் கடல் சங்கதி தண்டலுக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டாரு."

அவர் லென்ஸைக் கழற்றி என் கையில் வைத்தார். பக்கத்தில் ரீலையும் கத்திரியையும் வைத்தார். "மூவாயிரம் கட்டம் இருக்கு. ஒனக்கு வேண்டாததைத் தேடி வெட்டிக்கோ. நான் சாப்பிட்டு வாரேன்."

தேடினேன். கட்டம் கட்டமாக, கண் பிதுங்கத் தேடினேன். ஆடு கிடைத்தது, செருப்பு கிடைத்தது, ஏட்டையாவின் தொப்பிக்குள் முட்டையிட்ட கோழி கிடைத்தது. மூன்று மணி நேரத்தில் அரை நிமிஷப் படத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆட்டத்துக்கு மணி அடித்தது, அண்ணாச்சி வந்து ரீலை வாங்கிக்கொண்டார். ஒரு கட்டம்கூட நான் வெட்டவில்லை. கத்திரியால் என் நகத்தைத்தான் வெட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மேட்னி. தண்டலுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் பிலோமினா. விளக்கு அணைந்தது, தோணி வந்தது. பாயைப் பார்த்ததும் தண்டல் என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"இப்பதாம்லே பாயி சரியா நிக்கிது."

செருப்பு வந்தது, நூறு பேர் கத்தினார்கள். நானும் கத்தினேன். சரி, பிழைத்தோம் என்று மூச்சு விட்ட நேரத்தில், தோணியின் பின் மூலையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே குனிந்தான். ஒக்காளம். நிலாவுக்குப் போகிற வழியில்தான் எதுவும் கீழே விழாதே, அது உருண்டையாகப் புறப்பட்டுத் தோணியை ஒரு சுற்று சுற்றி, திரும்பி வந்து அவன் முகத்திலேயே அப்பியது. படம் முடியும் வரை, முன்னால் என்ன நடந்தாலும் பின்னால் அவன் குனிவதும் அது சுற்றி வருவதுமாகவே இருந்தது. ஓட்டையிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது: "ஐயோ, என்னையத் திருப்பிக் கொண்டு போங்க."

என் வார்த்தை. அட்சரம் பிசகாமல் என் வார்த்தை. கொட்டகை இடிந்து விழும்படி சிரித்தது. நான் ஓரக்கண்ணால் தண்டலைப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சட்டென்று எழுந்து, என் சட்டையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தினார். என் கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"உண்மையச் சொல்லு. அந்த ஆளுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல மாமா. அவரே பாத்தாரு."

"அவன் எப்படிலே பாப்பான்? கடலுக்குள்ள நடந்தது." குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா மூடி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

அவரே கொட்டினார். ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாள் அவருக்கு வாந்திதானாம். வாயில் எலுமிச்சங்காயை அடக்கிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்துவிடுவாராம். "ஜெபமாலை சொல்லுதேன்னு பயலுவ நெனைக்கானுவ. தண்டல் மாதிரி பக்திமான் இல்லன்னு சாமியார்ட்டயே போய்ச் சொல்லி வச்சிருக்கானுவ. இப்ப இந்தக் கார்பன் வரைஞ்சுபுட்டான். நீ வீட்ல சொல்லிராத மாப்ள."

சொல்லாமல் இருந்திருக்கலாம். காற்று என் பக்கம் அடித்தது, பாயை விரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெரிய மீசை நடுங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"மாமா, அது நீங்க இல்ல, நான்" என்றேன். "நான் கொழும்புக்குப் போனதே இல்ல. ஒரு தடவதான் ஏறுனேன். பாதியில எறக்கி விட்டுட்டாவ. ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். உள்ளே மெயின் படம் ஓடத் தொடங்கியிருந்தது.

"எந்த எடத்துல?" என்றார்.

"முயல் தீவு லைட்ஹவுஸ் பக்கம்."

"எனக்கும் அங்கனதாம்லே" என்றார் தண்டல். சொல்லிவிட்டு உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் கண்ணைத் துடைக்காமலே சொன்னார்: "எம்பொண்டாட்டி இருவத்தஞ்சு வருஷமா காத்தடிக்கிற நாளெல்லாம் கடலப் பாத்துக்கிட்டே நிக்கா. எம்மவ நிக்க வேண்டாம். நீ கரையிலயே இரு. பொய் மட்டும் அவகிட்டச் சொல்லாத."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். சாமியார் தடை கேட்டு நிறுத்திய அந்த நேரத்தில், இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போனதை நான் உணர்ந்தேன். அத்தனை லேசாக அதற்குப் பிறகு எந்தப் பூசையிலும் நான் முழந்தாளிட்டதில்லை.

அன்று சாயங்காலமே ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு ஏறினேன். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நெசமாச் சொல்லுங்க. நீங்க வரைஞ்சது என்னையா, தண்டலையா?"

"ஒன்னைய எதுக்குலே வரையப் போறேன்? சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேம்லா. தண்டல் சங்கதி எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப யாரு அது?"

புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க அப்பாவுக்கு சொந்தத் தோணி இருந்துச்சு. என்னைய மூணு தடவ ஏத்துனாரு, திருப்பிக் கொண்டு போங்கன்னு நான் அழுத அழுகையில மூணு தடவையும் திருப்பிக் கொண்டாந்து போட்டாவ. அதுக்கப்புறம் அவரு எங்கூடப் பேசல. நான் இங்கன வந்துட்டேன், இது ஆடாது." பிறகு, "நேத்து மேட்னிக்கு வந்திருந்தாரு. வயசாயிட்டு, கண்ணு சரியாத் தெரியாது. பக்கத்துல இருந்தவன் சொல்லச் சொல்ல, எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிச்சாராம்லே" என்றார்.

அவருடைய மை படிந்த கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ரீல் தீர்ந்து, திரை வெள்ளையாகப் போய், கீழே விசில் பறந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ரீல் மாற்றத் தவறாதவர் என்று பெயர் எடுத்த மனுஷர், நான் அழுது முடிக்கிற வரை கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.