கவலைக்கிட மோதிரம்

மதி, கவின்,

நம் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கையில் காபி ஆறுவதற்குள் நீங்கள் சொல்லி முடிக்கும் அந்த மோதிரக் கதையை இந்த ஒரு தடவை நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் வரும் அப்பா வெறும் முட்டாளாக இருக்கிறார். உண்மையில் அவர் அனுபவமுள்ள முட்டாள். (ரெண்டும் ஒண்ணில்ல சாமி.)

அந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு, பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த புதிதில், தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தேன். ஆன்லைனில் ஒரு வாள்சண்டை விளையாட்டு. உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் அதற்குள் வருவார்கள். நான் காரிமங்கலத்திலிருந்து போவேன். அந்த விளையாட்டில் ஒரு பொருளுக்கு இரண்டே வரி. ஒரு வரி கொடுக்கும், இன்னொரு வரி பிடுங்கும். கனமான கவசம் போட்டால் அடி தாங்கும், ஆனால் ஓட முடியாது. மாதக்கணக்கில் அலைந்து நான் சம்பாதித்த கொம்பு வைத்த தலைக்கவசத்தில், பலம் கூடும், புத்தி குறையும் என்று போட்டிருந்தது. (அத இன்னும் கழட்டவே இல்லன்னு உங்கம்மா சொல்லுவா.) பத்தாவதோடு நின்ற நான் ஆங்கிலத்தில் ஒழுங்காகப் படித்தது அந்த வரிகளைத்தான். எந்தப் பொருளைக் கொடுத்தாலும், இது நம்மிடமிருந்து எதை எடுக்கும் என்று முதலில் தேட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் மறக்கவில்லை.

மதி, உன் போன் விளையாட்டு வேறு ஜாதி. பன்றியைக் கொன்றால் மோதிரம், கோழியைக் கொன்றால் மோதிரம். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வரி, எல்லாமே கூட்டல். குறைக்கிற வரியே கிடையாது. போட்டிருப்பதைவிட உசத்தி என்று பச்சை அம்பு மேலே காட்டினால் மாட்டிக்கொள், சிவப்பு அம்பு கீழே காட்டினால் உடைத்துப் போடு. காலையில் போட்ட வாள் சாயங்காலம் குப்பை. ஒரு பொருளின் பெயரைக்கூட யாரும் தெரிந்துகொள்வதில்லை. இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று நான் சலித்துக்கொண்டது நிஜம்தான். ஆனாலும் நீ கூப்பிட்டால் பக்கத்தில் வந்து உட்காருவேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். பிளஸ் ஒன் போன பிறகு நீ என்னிடம் பேசுவது, “சாப்ட்டீங்களாப்பா” என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்த விளையாட்டைப் பற்றி மட்டும்தான் நீயாக வந்து வாய் ஓயாமல் பேசுவாய். பாதி புரியாது. தலையாட்டிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் அணியில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள். எதிரியைப் பலமாக அடிக்கிற ஆள் நீ. ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. அதில் சரியாக அடிக்காவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்குக் கிளம்பும்போது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

“வெளையாட்டுல பையி நெறஞ்சிருச்சுங்கப்பா. வேண்டாததெல்லாம் ஒடச்சுருங்க. தங்கக் கலர்ல இருக்கறதுதான் ஒசத்தி, அத மட்டும் பாத்துச் செய்யுங்க.”

பார்த்தேன் சாமி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆங்கிலம் புரியாமல் எதையாவது கெடுத்துவிடக் கூடாதே என்று மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் விளையாட்டில் உன் ஆளின் விரலில் மாட்டியிருந்த தங்கக் கலர் மோதிரம் கண்ணில் பட்டது. தாக்குதல் கூடும், வேகம் கூடும் என்று இரண்டு வரி. அதற்கடுத்து, ‘கவலைக்கிட வாய்ப்பு: பதினெட்டு சதவீதம் கூடும்’. அதற்கும் கீழே, ‘கவலைக்கிடச் சேதம்: இரட்டிப்பு’.

கவலைக்கிடம் என்றால் என்ன என்று தினமும் பேப்பர் படிக்கிறவனுக்குத் தெரியாதா? வேன் கவிழ்ந்தது, மூவர் கவலைக்கிடம். பழைய விளையாட்டில் தேடிய அந்தப் பிடுங்குகிற வரி இதோ இருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அம்பை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கழற்றினேன். உடைக்கவா என்று கேட்டது, உடை என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. (மிசினுக்கே மனசு கேக்கல போல.) நிச்சயமாக என்றேன். ஒரு சிட்டிகைப் பொடி கொடுத்தது. பாதுகாப்பு கூடும் என்றிருந்த ஒரு கனத்த மோதிரத்தை உன் ஆளின் விரலில் மாட்டிவிட்டு, மொழியைப் பழையபடி மாற்றிவைத்தேன். புள்ளைய இன்னிக்கிக் காப்பாத்திட்டேன் என்று உங்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் குழம்பில் கவனமாக இருந்ததால் எதிலிருந்து என்று கேட்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து நீ ஆடினாய். மற்ற நாலு பேர் குரலும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்திலேயே அணித் தலைவியான ஓசூர்ப் பெண், அடி ஏன் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்று உன்னைக் கேட்டாள். நீ சாமான்களைத் திறந்து பார்த்தாய்.

“அப்பா, என் மோதரம் எங்கீங்க?”

நான் எழுந்து வந்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நிதானமாகவே சொன்னேன்.

“அதுவா? அதப் போட்டா நீ கவலைக்கிடமாயிருவ பாப்பா. ஒடச்சுட்டேன்.”

ஸ்பீக்கரில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து சிரித்தன. ஒருவனுக்குப் புரை ஏறி இருமியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நீ மட்டும் சிரிக்கவில்லை.

“நான் இல்லீங்கப்பா. எதிரிதான் கவலைக்கிடமாவான்.”

சில சமயம் அடி சுளீரென்று இரண்டு மடங்காக விழுமாம். அதற்கு ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் என்று பேராம். அதைத் தமிழாக்கிய புண்ணியவான் ஆஸ்பத்திரிச் செய்தி மட்டும் படிக்கிறவர் போலிருக்கிறது. போட்டியில் தோற்றீர்கள். அடுத்த வாரமே உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நீ என்னைத் திட்டவில்லை. போனுக்கு மட்டும் பூட்டு எண் போட்டுக்கொண்டாய். அன்றையிலிருந்து விளையாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

அதே மோதிரத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் போனில் அதே விளையாட்டை ஏற்றி, ட்ரிப்புக்கு ட்ரிப் பஸ் நிற்கும் நேரமெல்லாம் பன்றி கொன்றேன். (டிக்கெட் கேட்டவங்க எத்தன பேரு திட்டுனாங்கன்னு டிரைவர் அண்ணனக் கேளுங்க.) பழைய விளையாட்டில் ஒரு பெயர் என்றால் ஒரே பொருள். என் தலைக்கவசமும் வேறு நாட்டுக்காரன் தலைக்கவசமும் ஒன்றுதான். தொலைந்தால் அதையே திரும்பச் சம்பாதிக்கலாம். இதில் அதே பெயர், அதே படம், ஆனால் எண்கள் ஒவ்வொரு தடவையும் வேறே. மாம்பழக் காலம் வந்து போன பிறகுதான், ஏறக்குறைய உன்னுடையதைப் போலவே ஒன்று விழுந்தது. ஓடி வந்து காட்டினேன்.

நீ வாங்கிப் பார்த்தாய். மரியாதையாகத்தான் சொன்னாய்.

“இத இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாதுங்கப்பா. கெடச்சவங்களோடவே ஒட்டிக்கும். அதுவுமில்லாம இது போன சீசன் சாமானு. இப்பக் கெடைக்கற சாதாப் பச்சைக் கலர் மோதரமே இதவிட ஒசத்தி. என்னோடத நீங்க ஒடைக்காட்டியும் இந்நேரம் நானே ஒடச்சிருப்பேன்.”

அது ஆறுதலுக்குச் சொன்னது. எனக்கு அப்படிப் படவில்லை.

இந்த ஆடியில் ஒகேனக்கல் போனபோது, கடைக்காரர் கல்லில் மீனைத் தீய விட்டதும், “அப்பா, மீனு கவலைக்கிடம்” என்று கவின் கத்தினான். கடையே சிரித்தது. மதி, நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாய். அதனால் நானும் சிரித்தேன்.

மறுநாள் கடைசி ட்ரிப் முடிந்து, டிரைவர் டீ குடிக்க இறங்கியதும், காலி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன். உனக்காகச் சம்பாதித்த அந்த மோதிரத்தை எடுத்து என் ஆளின் விரலில் மாட்டினேன். சிவப்பு அம்பு கீழே பார்த்தது. இதைவிட நல்லது பையில் இருக்கிறது, மாற்றவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.