அக்கரை போய் வந்த சேலை

போர்ட் பிளேர் துறைமுகத்தில் அத்தனை கடலையும் நிரப்பி வைத்திருப்பது கப்பல் விடுவதற்காக என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் சேலை எடுக்குமுன் யோசித்துப் பார்க்கத்தான் அது அங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த ஒரே மனுஷி எங்கள் அக்கரை அக்கா.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிக்குக் குடித்தனம் வந்தேன். என் கணவருக்கு அரசாங்க ஆபீசில் வேலை. பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர்தான் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். நான் வந்த புதிதில் அவருக்குக் 'கப்பல் அக்கா' என்றுதான் பெயர்.

மெட்ராஸ் கப்பல் சங்கு ஊதினால் ஊரே ஜெட்டிக்கு ஓடும். சொந்தக்காரரைப் பார்க்கச் சிலர், தபாலுக்குச் சிலர், வெங்காயத்துக்குப் பலர். அக்கா மட்டும் அபர்தீன் பஜாருக்கு ஓடுவார். ஜவுளிக்கடை பாய் மூட்டையைப் பிரிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பார். எடுக்கிற ஒவ்வொரு சேலைக்கும் ஒரு கனவு கைவசம் இருக்கும்.

"இந்த வெங்காயக் கலரு, சாயங்காலம் மெட்ராஸ் பீச்சுக்குக் காத்து வாங்கப் போறப்ப."

"கடைசியா எப்பக்கா பீச்சுக்குப் போனீங்க?"

"இன்னும் போனதே இல்லடி. அதான் சேலையாவது ரெடியா இருக்கணும்ல?"

சந்தன நிறத்தில் ஒன்று கொடைக்கானலுக்கு. ஜரிகை போட்ட ஒன்று, யாராவது பெரிய அதிகாரி வீட்டம்மா டீக்குக் கூப்பிட்டால் கட்டிக்கொள்ள. ஆனால் தினமும் எக்ஸ்சேஞ்சுக்குப் போனது என்னவோ அதே பச்சைக் கட்டம் போட்ட கைத்தறியில்தான்.

அந்தமான் மழைக்கு வரத் தெரியும், போகத் தெரியாது. அப்படி ஒரு மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. அக்கா தகரப் பெட்டிகளைத் திறந்தார். அந்த வாடை என் அடுப்படி வரை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொடைக்கானலும் மெட்ராஸ் பீச்சும் ஒரே கட்டியாகக் கிடந்தன.

தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிரித்து உதறினோம். கொடியில் இடம் போதாமல் வேலியில் போட்டோம், மாட்டுக் கொட்டகைக் கூரையில் போட்டோம், அதுவும் போதாமல் எங்கள் வீடுகள் இருந்த குன்றின் சரிவெல்லாம் விரித்தோம். மூன்றாம் வீட்டு வங்காளித் தீதி கையில் சங்கோடு ஓடிவந்து, "ஆஜ் கௌன்சா பூஜா ஹை?" என்று இன்றைக்கு என்ன பூஜை என்பதை இந்தியில் விசாரித்தாள். கீழே சாலையில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மலை படுத்துத் தூங்கி, கண்ட கனவெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது.

நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று கிட்டே போனேன்.

"பாத்தியாடி? பீச்சுக்குப் போறவ இருக்கா, கொடைக்கானல் போறவ இருக்கா. எக்ஸ்சேஞ்சுல வேலை பாக்குறவளுக்கு மட்டும் மாத்துச் சேலை இல்ல."

அந்த வாரமே, தேறிய சேலைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தார். வீட்டுக் கொடி ஒன்றில் ஒரே நேரத்தில் காயப்போட எத்தனை சேலைக்கு இடமோ, அத்தனைதான் இனி என்று முடிவு.

முடிவு எடுத்தால் ஆயிற்றா? அடுத்த கப்பலும் சங்கு ஊதியதே! அக்காவின் கால் செருப்பைத் தேடியது. கடைக்குப் போனார், ஒரு சேலையைத் தொட்டார், கண் மலர்ந்தார். சட்டென்று எழுந்து, "பாய், இத எடுத்து வைங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நேரே சாத்தம் ஜெட்டிக்குப் போய், எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகிற ஃபெர்ரியில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஓரத்துப் பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சாத்தம் கரையில் இருந்த மர ஆலையின் ரீங்காரம் மெல்லத் தேய்ந்து, அறுத்த மரத்தின் வாசனை மட்டும் தண்ணீர் மேல் கொஞ்ச தூரம் கூடவே வரும். அக்கா மனசுக்குள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சோறு வடிப்பார், மழையில் நனைவார், ஹெட்போனை மாட்டி "நம்பர் ப்ளீஸ்" என்பார். அக்கரையில் ஒரு டீ. அடுத்த ஃபெர்ரியில் திரும்புவார். முக்கால்வாசிச் சேலைகள் கரை சேர்ந்ததில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டால், "நடுக்கடல்ல நழுவிருச்சுடி" என்பார், நிஜமாகவே எதையோ தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

'அக்கரை அக்கா' ஆனது அப்படித்தான். பாய்தான் பாவம், அக்கரையில் காட்டைத் தவிர என்ன இருக்கிறது என்று புலம்பித் தீர்த்தார்.

"தீதி, உஸ் பார் க்யா ஹை? ஜங்கல் ஹை!"

"ஜங்கல் நஹீ பாய், அக்கல் ஹை!" என்பார் அக்கா. அங்கே இருப்பது காடு இல்லையாம், புத்தியாம்.

ஒருநாள் பாய் பொறுமை இழந்து, எடுத்து வைத்த சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு தானும் ஃபெர்ரியில் ஏறிவிட்டார். அன்று நானும் அக்காவோடு இருந்தேன். பாதித் துறைமுகம் தாண்டியதும், "ஆங்க் கோலோ தீதி!" என்று அக்காவைக் கண் திறக்கச் சொல்லி ஒரு நீலச் சேலையை உதறினார். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. முழுச் சேலையும் விரிந்து, எழும்பி, வெயில் ஊடுருவ ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு அது அலுங்காமல் தண்ணீரில் இறங்கிப் படுத்தது.

எல்லோரும் எட்டிப் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். படகோட்டி எல்லா மொழியிலும் திட்டினார். பாய் ஒரே மொழியில் அழுதார். பக்கத்தில் சின்ன டிங்கிப் படகில் வந்த ஒருவன் துடுப்பால் சேலையை வாரி மேலே எறிந்தான்.

அக்கா பிழிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீர் சொட்டியது.

"சாயம் போகலையே பாய்!"

ஈரச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அக்கரை போய்ச் சாத்தம் திரும்பும் வரை திறக்கவில்லை. பிறகு, "இவ எக்ஸ்சேஞ்சுக்கு வருவா. பேக் பண்ணுங்க" என்றார்.

"கீலா ஹை தீதி!" என்று சொட்டுகிற ஈரத்தைக் காட்டிப் பாய் அலறினார். இருந்தாலும் கட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் அக்கா எடுத்த ஒரே சேலை அது.

என் முறையும் வந்தது. நைலக்ஸ் சேலை வந்த புதுசு. ரோஜா நிறத்தில் வெள்ளைப் பூப் போட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு, எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். அக்கா என்னை ஃபெர்ரிக்கு அழைத்துப் போனார்.

"கண்ண மூடு. சேலையக் கட்டிக்கிட்டியா?"

"ம்."

"எங்க நிக்கிற?"

தண்ணீர் படகின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கே நின்றேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மாயவரத்துல... எங்க வீட்டு வாசல்ல. அம்மா கதவத் திறக்கிறாங்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு வேண்டியது சேலை இல்லடி. கப்பல் டிக்கெட்டு."

படகு கரையைத் தொடும்வரை அழுதேன்.

அன்று சாயங்காலமே அக்கா என் கணவர் முன் வந்து நின்றார். "தம்பி, இவளுக்கு அந்தச் சேலைய வாங்கித் தராதீங்க." அவர் முகம் பூரித்துப் போயிற்று. "ஊருக்கு அனுப்பி வைங்க. வந்ததுலேருந்து அம்மாவப் பாக்கலையாமே." பூரிப்பு இறங்கிவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷர், அடுத்த கப்பலிலேயே அனுப்பி வைத்தார்.

மாயவரத்தில் அம்மா கதவைத் திறந்தாள். நான் கட்டியிருந்தது கப்பலில் கசங்கிய பழைய பருத்தி வாயில் சேலை. அவள் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஆசை தீரச் சாப்பிட்டேன், தூங்கினேன், அம்மா மடியில் படுத்துக் கதை பேசினேன். நினைத்த நாள் வரை இருந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஆனால் கொஞ்ச நாளிலேயே, கண்ணை மூடினால் ஃபெர்ரியின் ஓரத்துப் பலகைதான் தெரிந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மாப்பிள்ளைய அவ்வளவு தேடுதாடி?" என்று அம்மா சிரித்தாள்.

"ஆமாம்மா" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு மாப்பிள்ளை மேல் மதிப்புக் கூடிப் போயிற்று. எனக்கு யாரைத் தேடியது என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.