சோடனை அண்ணையின் முதற்பரிசு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மோர்டென்ஸ்ருட்டில் பெப்ரவரி மாதப் பனியையே சிரிக்க வைக்கக்கூடிய ஒரே மனிதர் சோடனை அண்ணைதான். கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்புக்கு முந்திய கார்னிவல் காலம் தொடங்கும் வெள்ளிக்கிழமை, எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் மாறுவேட விழா நடக்கும். மற்றவர்கள் கடையில் வாங்கிய முகமூடியோடு வருவார்கள். பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை செய்த அண்ணையோ, ஒரு மாதம் அட்டைப்பெட்டி பொறுக்குவார்.

ஒரு வருஷம் குளிர்சாதனப் பெட்டியாக வந்தார். நெஞ்சைத் திறந்தால் உள்ளே கிரீம் பணிஸ். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் நெஞ்சைக் காலியாக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் மெட்ரோ ரயில். பின்பெட்டி அவர் மனைவி. ரயில் மண்டப வாசலில் இறுகிக்கொண்டது.

"கடைசித் தரிப்பிடம், எல்லாரும் இறங்குங்கோ" என்றார் அண்ணை.

"இறங்க ஏலாமல்தானே நிக்கிறன்" என்றது பின்பெட்டி.

இவ்வளவு செய்தும் அவருக்கு ஒருமுறைகூடப் பரிசு கிடைத்ததில்லை.

போன வருஷம் பிந்தி வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் தோல்பை. சபை ஒரு கணம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. துப்புரவுக்காரர் முதலாளி வேடத்தில் வந்திருக்கிறாராம். நடுவராக இருந்த நான் ஒலிவாங்கியில் அறிவித்தேன்: "மிகச் சிரிப்பான வேடம், முதற்பரிசு."

அண்ணை மேடையேறி, தோல்பையை உயர்த்தி, "திங்கட்கிழமை எல்லாருக்கும் லீவு" என்றார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது.

கீழே அவர் மனைவி மட்டும் கைதட்டவில்லை. கிட்டப் போனேன்.

"வேசமில்லைத் தம்பி. வேலை இன்ரவியூவாலை நேரை வந்தவர். ஊரிலை பாலம் கட்டின எஞ்சினியரெல்லோ. இருபது வருசத்திலை இதுதான் முதல்தரம் கூப்பிட்டது."

அண்ணையிடம் போய் நின்றேன்.

"அனுபவம் பழசாம்" என்றார் அவரே, பரிசுக் கோப்பையைத் துடைத்தபடி. "விடும். அங்கை சிரிக்காமல் அனுப்பினவங்கள். இஞ்சை சிரிச்சுப்போட்டுப் பரிசு தந்தியள்."

இந்த வருஷம் விழாவுக்கு அவர் வரவில்லை. நானும் போகவில்லை. அவர் வீட்டு மணியை அடித்தேன். தேநீர் வந்தது. பத்து வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக, அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். தூண், மண், ஆற்றின் ஆழம் என்று மூன்று மணி நேரம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழும்பி வரவும் மனமில்லை.